அரையும் காலும் முக்கால்: பகுதி வேறான பின்னங்களைக் கூட்டும் முழுமையான வழிகாட்டி

அரை கிலோ வெங்காயம், கால் கிலோ தக்காளி. பையில் மொத்தம் எத்தனை கிலோ? காய்கறிக் கடையில் நிற்கும் யாரைக் கேட்டாலும் முக்கால் கிலோ என்று உடனே பதில் வரும். பள்ளிக்கூடப் பக்கமே போகாத பாட்டியும் அதைத்தான் சொல்வார். அதே கணக்கை 1/2 + 1/4 என்று நோட்டில் எழுதிக் கொடுத்தால், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் 2/6 என்று எழுதி நீட்டுகிறார்கள்.

பல வருடங்களாக மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். பின்னக் கூட்டலில் தடுமாறும் பிள்ளைக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை. கீழே இருக்கும் எண் என்ன வேலை செய்கிறது என்று அதற்கு யாரும் நின்று சொல்லவில்லை. அது புரிந்துவிட்டால் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு), குறுக்குப் பெருக்கல் எல்லாம் தானாகப் பின்னால் வரும். அதனால் விதியை அப்புறம் பார்ப்போம்.

பகுதி என்பது பெயர், தொகுதி என்பது எண்ணிக்கை

3/4 என்ற பின்னத்தில் மேலே இருக்கும் 3 தொகுதி, கீழே இருக்கும் 4 பகுதி. ஒரு முழுப் பொருளை எத்தனை சம கூறாக வெட்டினோம் என்பதைப் பகுதி சொல்கிறது. அதில் எத்தனை கூறு நம் கையில் இருக்கிறது என்பதைத் தொகுதி சொல்கிறது.

இதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முக்கால், அதாவது மூன்று கால். 'கால்' என்பது துண்டின் பெயர், 'மூன்று' என்பது எண்ணிக்கை. மூன்று மாம்பழம், மூன்று மீட்டர் என்பதைப் போலத்தான் மூன்று கால். இரண்டு மீட்டர் துணியோடு மூன்று மீட்டர் சேர்ந்தால் ஐந்து மீட்டர். மீட்டரையும் மீட்டரையும் யாரும் கூட்டுவதில்லை. அப்படியே 3/8 + 2/8 என்றால் மூன்று அரைக்காலும் இரண்டு அரைக்காலும் சேர்ந்து ஐந்து அரைக்கால், அதாவது 5/8. பெயர் ஒன்றாக இருக்கும்வரை எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் போதும். பாடப்புத்தகம் இவற்றை ஓரினப் பின்னங்கள் என்கிறது.

பெயர் வேறுபட்டால்தான் சிக்கல். அரையையும் காலையும் எப்படிக் கூட்டுவது? பாட்டி மனதுக்குள் செய்தது இதுதான்: அரை என்பது இரண்டு கால். இரண்டு காலும் ஒரு காலும் மூன்று கால். 1/2-ஐ 2/4 என்று பெயர் மாற்றிக்கொண்டு கூட்டியிருக்கிறார். இந்த வழிகாட்டியில் இனி வரும் எல்லாக் கணக்கும் இந்த ஒரே வேலையின் வெவ்வேறு வடிவம்தான்.

மேலோடு மேலும், கீழோடு கீழும் கூட்டினால் என்ன தவறு?

ஒருமுறை ஒரு பெண் பிள்ளை என்னிடம் வாதாடினாள். "மிஸ், முதல் டெஸ்ட்ல பத்துக்கு ஏழு. ரெண்டாவது டெஸ்ட்ல இருபதுக்குப் பதினஞ்சு. மொத்தம் முப்பதுக்கு இருபத்திரண்டுன்னுதானே போடுவாங்க? அங்க மட்டும் கீழயும் கூட்டலாமா?"

அருமையான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் 'விதி அப்படி' என்று கடந்து போகக் கூடாது. மதிப்பெண் கணக்கில் இரண்டு தேர்வுகள், இரண்டு தனித்தனி முழுமைகள். இரண்டையும் ஒட்டி 30 மதிப்பெண்ணுக்கு ஒரு புதிய பெரிய முழுமையை உண்டாக்குகிறோம். அதனால்தான் கீழே உள்ளதும் கூடுகிறது. 1/2 + 1/3 என்று எழுதும்போது அப்படி எதுவும் நடப்பதில்லை. அரையும் மூன்றில் ஒன்றும் ஒரே அளவுள்ள முழுமையின் கூறுகள். அரை லிட்டர் பாலோடு இன்னும் மூன்றில் ஒரு லிட்டர் ஊற்றினாலும் அளவு லிட்டர்தான், லிட்டரின் அளவு பெரிதாகிவிடவில்லை.

அவளையே சரிபார்க்கச் சொன்னேன். 1/2 + 1/3 = 2/5 என்றால், 2/5 பெரியதா, 1/2 பெரியதா? ஐந்தில் பாதி இரண்டரை. 2/5 பாதிக்கும் குறைவு. அரை லிட்டரில் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றியும் அரை லிட்டருக்குக் குறைந்துபோகுமா? பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

கட்டம் போட்ட நோட்டில் வரைந்து பார்ப்பது

விதிக்கு முன்னால் இதை ஒருமுறையாவது கையால் செய்ய வையுங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் அகலத்தில் மூன்று கட்டம், உயரத்தில் இரண்டு கட்டமாக ஒரு செவ்வகம் வரையுங்கள். மொத்தம் 6 கட்டம்.

இதில் அரை என்பது ஒரு முழு வரிசை, 3 கட்டம். மூன்றில் ஒன்று என்பது ஒரு நெடுவரிசை, 2 கட்டம். பக்கத்தில் அதே அளவில் இன்னொரு செவ்வகம் வரைந்து, முதலில் 3 கட்டத்துக்கு நீலம், அப்புறம் மீதியில் 2 கட்டத்துக்குச் சிவப்பு தீட்டச் சொல்லுங்கள். 6 கட்டத்தில் 5 நிறைந்துவிட்டது. 1/2 + 1/3 = 5/6.

எதற்காக 3-க்கு 2 என்ற செவ்வகம்? பாதியாகவும் பிரிய வேண்டும், மூன்றாகவும் பிரிய வேண்டும், எந்தக் கட்டமும் நடுவில் கிழியக் கூடாது. 5 கட்டம் உள்ள செவ்வகத்தில் முயன்றால் இரண்டரை கட்டம் வந்து நிற்கும். இரண்டு பகுதிகளாலும் மீதியின்றி வகுபடும் எண் வேண்டும் என்ற விதி இந்தச் செவ்வகத்தில் கண்ணுக்கே தெரிகிறது.

கணக்கைப் போடும் முறை

5/6 + 3/8 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம்.

படி 1: பொதுப் பகுதியைத் தேடுங்கள். 6-இன் மடங்குகள் 6, 12, 18, 24. 8-இன் மடங்குகள் 8, 16, 24. இரண்டிலும் முதலில் சேர்ந்து வருவது 24. இதுதான் மீச்சிறு பொது மடங்கு, சுருக்கமாக மீ.சி.ம. இலங்கைப் பள்ளிகளில் இதைப் பொ.ம.சி. என்பார்கள், பொது மடங்குகளுள் சிறியது.

படி 2: ஒவ்வொரு பின்னத்தையும் 24-க்கு மாற்றுங்கள். 6 எத்தனை மடங்கானால் 24? நான்கு. எனவே மேலேயும் நான்கால் பெருக்க வேண்டும்: 5/6 = 20/24. அடுத்து 8 மூன்று மடங்கானால் 24. 3/8 = 9/24.

இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். ஒவ்வொரு துண்டையும் நான்காக வெட்டினால் துண்டுகள் நான்கு மடங்காகும், கையில் இருக்கும் துண்டுகளும் நான்கு மடங்காகும். அளவு மாறவில்லை, நறுக்கியது மட்டும்தான் பொடியாகிவிட்டது. அதனால்தான் மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்குகிறோம். கீழே மட்டும் 24 என்று மாற்றிவிட்டு மேலே பழைய 5-ஐயும் 3-ஐயும் அப்படியே வைத்து 8/24 என்று எழுதுவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை. இந்தப் படியின் காரணம் புரியாததால்தான் அது வருகிறது.

படி 3: தொகுதிகளைக் கூட்டுங்கள். 20/24 + 9/24 = 29/24.

படி 4: விடையைச் சீர் செய்யுங்கள். 29 என்பது 24-ஐவிடப் பெரியது, எனவே இது தகா பின்னம். 29-இல் 24 ஒருமுறை போக மீதி 5. விடை 1 5/24. 5-க்கும் 24-க்கும் பொதுக் காரணி இல்லை என்பதால் இதற்கு மேல் சுருங்காது.

மீ.சி.ம.தான் வேண்டும் என்று கட்டாயமா? இல்லை. 6 × 8 = 48 என்று எடுத்தாலும் 40/48 + 18/48 = 58/48, சுருக்கினால் அதே 29/24. எந்தப் பொது மடங்கும் சரியான விடையே தரும். சிறியதை எடுத்தால் எண்கள் கைக்குள் அடங்கும், அவ்வளவுதான். மீ.சி.ம. கண்டுபிடிக்கத் திணறும் பிள்ளையை அங்கேயே நிறுத்தி வைக்காமல், இரண்டையும் பெருக்கிக் கொண்டு கணக்கை முடிக்க விடுங்கள். சுருக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

மீ.சி.ம. எடுத்துவிட்டதால் சுருக்க வேண்டிய வேலை இருக்காது என்றும் நினைக்க வேண்டாம். 1/6 + 3/10 பாருங்கள். மீ.சி.ம. 30. 5/30 + 9/30 = 14/30. இரண்டும் இரட்டை எண், எனவே 7/15.

பகுதிகளைப் பார்த்ததும் வழியைத் தேர்ந்தெடுப்பது

முதலில் பெரிய பகுதியைச் சின்னது மீதியின்றி வகுக்கிறதா என்று பாருங்கள். 2/3 + 1/12 என்றால் 12-ஐ 3 வகுக்கும். 12-ஐயே வைத்துக்கொண்டு ஒரு பின்னத்தை மட்டும் மாற்றினால் போதும்: 8/12 + 1/12 = 9/12 = 3/4.

இரண்டு பகுதிகளுக்கும் 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லையென்றால், பெருக்கிவிடுங்கள். 2/5 + 3/7-க்கு 35. 14/35 + 15/35 = 29/35.

இரண்டுக்கும் நடுவில் உள்ளவைதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும். பகுதிகள் பெரிதாக இருந்தால் மடங்கு மடங்காக எழுதிப் பார்ப்பது நேர விரயம், பகாக் காரணிகளுக்குப் போய்விடுங்கள். 7/36 + 5/84 என்று வந்தால்:

36 = 2 × 2 × 3 × 3
84 = 2 × 2 × 3 × 7

ஒவ்வொரு பகா எண்ணும் எதில் அதிகமுறை வருகிறதோ அத்தனைமுறை எடுக்க வேண்டும். இரண்டு 2, இரண்டு 3, ஒரு 7. பெருக்கினால் 252. இதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. 36-இல் இல்லாதது 7 மட்டும், எனவே முதல் பின்னத்தை 7-ஆல் பெருக்க வேண்டும்: 49/252. 84-இல் குறைவது ஒரு 3, எனவே 15/252. கூட்டினால் 64/252, நான்கால் சுருக்கினால் 16/63. எதை எதால் பெருக்குவது என்று தனியாக வகுத்துப் பார்க்கவே தேவைப்படவில்லை. 36-ஐயும் 84-ஐயும் நேராகப் பெருக்கியிருந்தால் பகுதி 3024 ஆகியிருக்கும்.

குறுக்குப் பெருக்கல் பற்றி

இரண்டு பின்னங்களைக் குறுக்காகப் பெருக்கிக் கூட்டி, கீழே பகுதிகளைப் பெருக்கி எழுதும் சுருக்குவழி பிள்ளைகளுக்குப் பிடித்தமானது. 2/5 + 3/7 என்றால் மேலே 2×7 + 3×5, கீழே 5×7. சரியான வழிதான், தவறே இல்லை. ஆனால் புரிந்த பிறகு கொடுக்க வேண்டியது. முதலிலேயே கொடுத்துவிட்டால் மூன்று பின்னங்கள் வரும்போது எதைக் குறுக்கே பெருக்குவது என்று பிள்ளை விழிக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பின்னப் பெருக்கலில் குறுக்காக அடித்துச் சுருக்கலாம் என்று அடுத்த வகுப்பில் படிப்பார்கள். அந்தப் பழக்கம் கூட்டலுக்குள் நுழைந்துவிடும். 2/3 + 5/8 கணக்கில் மேலே உள்ள 2-ஐயும் எதிரே கீழே உள்ள 8-ஐயும் அடித்து 1/3 + 5/4 என்று எழுதிவிடுவார்கள். வரும் விடை 19/12. சரியான விடை 16/24 + 15/24 = 31/24, அதாவது 1 7/24. எங்கே தவறியது என்று காட்ட அந்த முதல் பின்னத்தை மட்டும் சுட்டிக்காட்டினால் போதும்: 2/3 எப்படி 1/3 ஆனது? கையில் இருந்த இரண்டு துண்டில் ஒன்று எங்கே போனது?

கலப்புப் பின்னங்கள்

ஒன்றரையும் இரண்டேகாலும் மூன்றேமுக்கால். முழுவதை முழுவதோடும் பின்னத்தைப் பின்னத்தோடும் சேர்க்கிறோம். 2 3/4 + 1 5/6 என்றால் முழு எண்கள் 3. பின்னங்கள் 9/12 + 10/12 = 19/12 = 1 7/12. மொத்தம் 4 7/12. முதலிலேயே தகா பின்னமாக மாற்றி 11/4 + 11/6 என்றும் போடலாம், எண்கள் தேவையில்லாமல் பெரிதாகும். கூட்டலில் நான் பிரித்தே போடச் சொல்கிறேன்.

கையில் இருக்கும் பொதுப் பகுதிகள்

பொதுப் பகுதியை நாம் தினமும் பயன்படுத்துகிறோம், பெயர் சொல்வதில்லை. கடிகாரம் ஒரு மணியை 60 ஆக வெட்டி வைத்திருக்கிறது. மூன்றில் ஒரு மணி 20 நிமிடம், கால் மணி 15 நிமிடம், சேர்ந்தால் 35 நிமிடம். 35/60 = 7/12. 1/3 + 1/4 போட்டுப் பாருங்கள், அதே 7/12. 60 என்ற எண் 2, 3, 4, 5, 6, 10, 12, 15 எல்லாவற்றாலும் வகுபடுவதால் இது மிக வசதியான பொதுப் பகுதி. ஒரு பவுன் தங்கம் 8 கிராம். அரைப் பவுன் மோதிரம், கால் பவுன் தோடு, அரைக்கால் பவுன் மூக்குத்தி: 4 + 2 + 1, ஏழு கிராம், 7/8 பவுன். ஒரு ஏக்கர் 100 சென்ட். கால் ஏக்கரும் ஐந்தில் ஒரு ஏக்கரும் 25 + 20, 45 சென்ட், 9/20 ஏக்கர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது நம் பழைய பின்னப் பெயர்கள். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி மனப்பாடம் செய்தபோது முழு எண்களை மேல்வாய் இலக்கம் என்றும் பின்னங்களைக் கீழ்வாய் இலக்கம் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். அரைக்கால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இந்த மாகாணி என்ற சொல்லை உடைத்துப் பாருங்கள்: மா, காணி. 1/20 + 1/80. பொதுப் பகுதி 80. 4/80 + 1/80 = 5/80 = 1/16. பகுதி வேறான இரண்டு பின்னங்களைக் கூட்டிய விடையையே அந்த எண்ணுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். இதை முதன்முதலில் கவனித்த நாளில் வகுப்பு முடிந்த பிறகும் அந்தச் சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

முந்திரிதான் அங்கே பொதுப் பகுதி. கால் என்றால் 80 முந்திரி, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16, காணி 4. மும்மாவும் அரைக்காலும் எவ்வளவு? 48 முந்திரியும் 40 முந்திரியும், 88 முந்திரி. நம் முறையில் 3/20 + 1/8 = 6/40 + 5/40 = 11/40. 88/320-ஐ எட்டால் சுருக்கினால் அதே 11/40. ஆனால் 320-ஐ 3 மீதியின்றி வகுக்காது. அதனால் மூன்றில் ஒன்றை முந்திரிக் கணக்கில் மீதியில்லாமல் சொல்ல முடியாது. எந்த நிலையான அளவுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. கணக்குக்குக் கணக்கு புதிதாக மீ.சி.ம. தேடுவது அந்த எல்லையைத் தாண்டத்தான். 9ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் மகாவீரர் எழுதிய கணித சார சங்கிரகத்தில், பின்னங்களைக் கூட்ட மீ.சி.ம. எடுக்கும் முறை 'நிருத்தம்' என்ற பெயரில் இருக்கிறது.

விடை சரியா என்று பார்ப்பது

கணக்கைத் தொடங்கும் முன்பே விடை எந்தப் பக்கம் இருக்கும் என்று மதிப்பிடப் பழக்குங்கள். 4/9 பாதிக்குச் சற்றுக் குறைவு, 5/11-உம் பாதிக்குச் சற்றுக் குறைவு. கூட்டினால் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும். போட்டுப் பார்த்தால் 44/99 + 45/99 = 89/99. சரி. 9/20 என்று வந்திருந்தால், அது பாதியைக்கூட எட்டவில்லை என்பதிலேயே பிழை பிடிபட்டுவிடும். கூட்டிய விடை, கூட்டப்பட்ட எந்தப் பின்னத்தையும்விடச் சிறியதாக இருக்கவே முடியாது. இந்த ஒரு சோதனை பாதித் தவறுகளைத் தேர்வுத்தாளிலேயே பிடித்துத் தரும்.

பெரிய வகுப்புக்குப் போனாலும் இந்தக் கணக்கு விடாது. ஒரு மோட்டார் தொட்டியை 3 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று 6 மணி நேரத்தில் நிரப்பும். இரண்டையும் சேர்த்துப் போட்டால்? ஒரு மணி நேரத்தில் முதல் மோட்டார் 1/3 தொட்டி, அடுத்தது 1/6 தொட்டி. 2/6 + 1/6 = 3/6, அரைத் தொட்டி. எனவே இரண்டு மணி நேரத்தில் தொட்டி நிறையும். இயற்கணிதத்தில் 1/x + 1/y-ஐ 1/(x + y) என்று எழுதும் பத்தாம் வகுப்பு மாணவர், ஆறாம் வகுப்பில் விட்ட அதே இடத்தில்தான் நிற்கிறார். அவருக்கும் அந்த 3-க்கு 2 செவ்வகத்தை வரைந்து காட்டியிருக்கிறேன்.

போட்டுப் பாருங்கள்

1) 3/4 + 1/8
2) 2/3 + 4/5
3) 7/10 + 5/12
4) 1 1/2 + 2 2/3
5) 1/2 + 1/3 + 1/9
6) அரை + கால் + அரைக்கால் + மாகாணி

விடைகள்: 1) 7/8. 2) 22/15, அதாவது 1 7/15. 3) 42/60 + 25/60 = 67/60, அதாவது 1 7/60. 4) 4 1/6. 5) 9/18 + 6/18 + 2/18 = 17/18. 6) 8/16 + 4/16 + 2/16 + 1/16 = 15/16, ஒன்றுக்கு ஒரு மாகாணி குறைவு.